விடிலிக்குப் போகும் முள்

உடன்குடியிலிருந்து செம்மணல் தேரிப் பக்கம் போகும் மண்பாதையில் என் செருப்பு பத்து நிமிடம்தான் தாங்கியது. அடிப்பாகத்தைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது முள். கூட வந்த பனையேறி அண்ணாச்சி அரைஞாண் கயிற்றிலிருந்து முள்வாங்கியை எடுத்து நீட்டினார். "சீமை உடை. உள்ள ஒடிச்சிராதிய, சீழ் வச்சிரும்."

மற்ற ஊர்களில் சீமைக்கருவேலம் என்பதைத்தான் இங்கே சீமை உடை என்கிறார்கள். குடை விரித்ததுபோல் நிற்கும் நாட்டு உடை இந்த மண்ணின் மரம். சீமை உடையோ மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 1877இல் இந்தியாவுக்கு வந்ததாகக் கணக்கு. வறண்ட நிலம் பச்சையாகும், ஏழைக்கு விறகு கிடைக்கும் என்று நம்பித்தான் நட்டார்கள். விறகு கிடைத்தது என்னவோ உண்மை.

சித்திரை மாதம். விடிவதற்கு முன்பே ஏற ஆரம்பித்தவர், வெயில் ஏறும்போது முப்பதாவது பனையில் இருந்தார். சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து பதநீரைக் குடுவையில் சரித்து, பாளையை ஒரு சீவு சீவி, கலயத்தை மறுபடி கட்டி இறங்குவதற்கு நான் நாலு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. அவர் இறங்கும்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு பனையைச் சுற்றியும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை துப்புரவாக இருந்தது. வெறுங்காலோடு இறங்குகிறவருக்கு அரிவாளின் கூர்மையைவிட அந்தத் தரை முக்கியம். தை மாதமே ஒவ்வொரு மரத்தடியாக முள்ளை வெட்டி, தூரைத் தோண்டி எடுத்துவிடுகிறார். தூரை விட்டால் நாலு மழையில் நாற்பது கிளை விடும். ரெண்டு வருசம் ஏறாமல் விட்ட பனையை முள் சூழ்ந்துகொள்கிறது. சூழ்ந்த பிறகு ஏற ஆள் வந்தாலும் மரத்தடிக்குப் போகமுடியாது. பனையேறி குறைந்ததால் முள் வந்ததா, முள் வந்ததால் பனையேறி குறைந்தாரா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

வெட்டிய முள் எங்கே போகிறது என்பது கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குள் தெரிந்தது. ஓலைக் கூரைக்குக் கீழே அகன்ற சட்டியில் பதநீர் கொதிக்கிறது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். மிச்சமெல்லாம் ஆவியாகிப் போகவேண்டிய தண்ணீர். அத்தனையும் விறகுச் செலவு. அண்ணாச்சியின் மனைவி நுரை பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்கினார். கூப்பனி என்கிற கெட்டிப்பாகு இறுகத் தொடங்கியதும் தீயைப் பின்னுக்கு இழுத்தார். "ஓலைத் தீ சட்டுனு பிடிக்கும், சட்டுனு போயிரும். உடை வெறவுதான் நின்னு எரியும்." சிரட்டைகளில் ஊற்றிய கருப்பட்டியின் வாசனையில் எனக்குக் குதிகால் வலி மறந்துபோனது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைக் காய்ச்ச எரிந்த முள்ளுக்கோ, முள்ளை வெட்டிய கைக்கோ அதில் பங்கு உண்டா என்பது வேறு பேச்சு.

விடிலிக்குப் பின்னால் ஆடுகள் சீமை உடையின் காயைத் தின்றுகொண்டிருந்தன. அதுவும் இனிப்புதான். கென்யாவில் பாரிங்கோ ஏரிக்கரையில் வாழும் இல்சாமுஸ் மக்கள் இதே மரத்துக்காக அரசின்மீது வழக்குப் போட்டு, காயைத் தின்று பல் போன ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்கே கொண்டுபோன கதையைச் சொன்னேன். அக்கா துடுப்பை நிறுத்திக் கேட்டார். "பல்லு போவுதோ என்னவோ. ஆடு போட்ட புழுக்கையிலதான் இங்க இம்புட்டும் மொளச்சுக் கெடக்கு."

இங்கேயும் இந்த மரத்தை அகற்றச் சொன்ன 2017ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு தென்மாவட்டங்களில் பொக்லைன்கள் இறங்கின. 2022இல் ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களை அகற்றவென்றே மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. வடக்கே விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இதே மரம்தான் சோறு என்பதால் அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கும். அண்ணாச்சிக்கு இயந்திரத்தின்மீது ஒரே ஒரு குறை: முள்ளுக்குள்ளே முழங்கால் உயரத்தில் நிற்கும் இளம் பனையான வடலி அதற்குத் தெரியாது. முள்ளோடு முள்ளாக வாரிவிடும். வெட்டுக்கூலியை இவரைப்போன்றவர்களிடம் கொடுத்து, எந்தத் தூரை எடுக்கலாம், எதை விடலாம் என்று கேட்டால் ஒரு வடலியும் போகாது. மாநில மரம் என்று பனையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இதையும் செய்திருக்கலாம்.

சாயங்கால ஏற்றத்துக்கு அவர் கிளம்பியபோது வெயில் தேரிமணலில் செக்கச்செவேலென்று விழுந்திருந்தது. வடக்கே கை நீட்டினார். காவோலை தொங்கத் தொங்கச் சில பனைகள், நெஞ்சளவுக்கு முள்.

"பதினாலு மரம். எங்க அய்யா ஏறுனது. வாற தையில ரெண்டையாவது வெளிய எடுத்துரணும்."

சொல்லிவிட்டுத் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டார்.