துரவில் விழுந்த எருது



இந்த வாரம் நான் எழுதுவது ஒரு வியாதியைக் குறித்தும், அந்த வியாதியின் முன்னால் உங்கள் போதகனாகிய நான் செய்த தாமதத்தைக் குறித்துமே. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆயினும் எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

சென்ற ஆண்டு எங்கள் சபையின் அசனப் பண்டிகை முடிந்த இரவு. மூன்று நாள் கூட்டங்களின் களைப்பில் குருமனையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்குக் கைபேசி ஒலித்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மனைவி பேசினார். ஊரார் அந்த ஆசிரியரைச் சார்வாள் என்றும், இந்த அம்மாவை டீச்சரம்மா என்றும் அழைப்பார்கள்.

"ஐயா, அவங்களுக்கு மூச்சு முட்டுது. படுக்கவே முடியல. கொஞ்சம் வந்து ஜெபம் பண்ணுங்க."

வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சார்வாள் கட்டிலின் விளிம்பில், இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுவதும் குளிர்ந்த வியர்வை. மூன்று வார்த்தை பேசினால் நான்காவதற்கு மூச்சில்லை. "வாயுதான், ஐயா" என்றார். நானும் அதை நம்பினேன், நம்புவது எளிதாயிருந்தது. டீச்சரம்மா ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்தார். நான் ஒரு சங்கீதம் வாசித்து, அவர் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தேன். முடித்தபின், "விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொன்னவனும் நானே.

பண்டிகைக்காக விடுமுறையில் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், செவிலியர் படிப்பு மாணவி, விளக்கொளியைப் பார்த்து உள்ளே வந்தாள். சார்வாளின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்தபின்னும் அந்தக் குழி நிரம்பவில்லை. "தாத்தா எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறாங்க?" என்று கேட்டாள். டீச்சரம்மா சொன்னார்: "முன்னால ஒண்ணு. இந்த வாரம் மூணு. நேத்து ராத்திரி நாற்காலியிலயே தூங்கினாங்க." அந்தப் பெண் என்னிடம் யோசனை கேட்கவில்லை. உடனே 108-ஐ அழைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களும் வண்டியில ஏறிக்கோங்க. போற வழியில ஜெபம் பண்ணலாம்" என்றாள். நான் வந்து அதற்குள் நாற்பது நிமிடங்கள் கடந்திருந்தன.

மருத்துவமனையில் பிராணவாயு முகமூடி பொருத்தினார்கள். நீரை வெளியேற்றும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மதியத்திற்குள் ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் பிரிந்தது. அதன் பிறகே அவரால் சாய்ந்து படுக்க முடிந்தது.

இதயச் செயலிழப்பு என்று தமிழில் எழுதுகிறோம். இந்தப் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. இதயம் நின்றுபோய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆகையால் நடமாடிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அது இருக்கும் என்று நம்ப மறுக்கிறார்கள். இதயம் நிற்பதில்லை, உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள அதற்கு வலுப் போதவில்லை. தள்ள முடியாதது பின்னால் தேங்குகிறது. கால்களில் தேங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறல். படுத்தவுடன் கால்களில் இருந்த நீரும் நெஞ்சை நோக்கித் திரும்புகிறபடியால்தான் இரவில் அது கொடிதாகிறது.

மருத்துவர், நீர் மாத்திரையை ஒழுங்காக எடுத்தீர்களா என்று கேட்டபோது சார்வாள் தலைகுனிந்தார். சில ஆண்டுகளுக்கு முன் வந்த மாரடைப்புக்குப் பிறகு அவர் நாள்தோறும் அதை உட்கொண்டு வந்தவர். பண்டிகையின் மூன்று நாளும் நிறுத்திவிட்டார். கூட்டத்தின் நடுவே அடிக்கடி எழுந்து போக நேருமே என்ற கூச்சம். போதாததற்கு அசனச் சோறு, குழம்பு, அப்பளம், ஊறுகாய் என்று உப்பு வேறு. முன்வரிசையில் அவருக்கென்று நாற்காலி போட்டு, அதில்தான் உட்காரவேண்டும் என்று வற்புறுத்தியவன் யார்? நான்தான்.

அந்த வாரத்தில் லூக்கா 14-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். ஓய்வுநாளில், ஒரு பரிசேயன் வீட்டு விருந்தில், ஆண்டவர் நீர்க்கோவை வியாதியுள்ள மனிதனைச் சொஸ்தமாக்குகிறார். நான்கு சுவிசேஷங்களில் இதை எழுதியிருப்பவர் வைத்தியனாகிய லூக்கா மாத்திரமே. உடம்பில் நீர் கோத்து வீங்குவதற்கு முன்னோர் இட்ட பெயர் அது. இதய பலவீனம் அதன் காரணங்களில் ஒன்று. துரவில் விழுந்த எருதை ஓய்வுநாள் என்று பாராமல் தூக்கிவிடமாட்டீர்களா என்று ஆண்டவர் அங்கே கேட்கிறார். இறையியல் கல்லூரியில் அந்தப் பகுதியை ஓய்வுநாள் பிரமாணத்தைப் பற்றிய தர்க்கமாகவே படித்தோம். அந்தக் கேள்விக்குள் 'எவ்தெயோஸ்' என்ற கிரேக்கச் சொல் நிற்பதை நான் அதுவரை பொருட்படுத்தவில்லை. 'உடனே' என்பது அதன் பொருள்.

ஆகையால், பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் இதய நோயாளி இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் அது சதையல்ல, நீர். செருப்பு இறுகுவது, தலையணைகள் கூடிக்கொண்டே போவது, படுத்தவுடன் இருமல் வருவது, நேற்று ஏறிய படியில் இன்று நின்று மூச்சு வாங்குவது, இவை கண்டால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் உடம்பில் நீரைத் தேக்கும் என்பதை மறவாதிருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, பேச்சு குழம்பினாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். படுக்க வைக்காதீர்கள், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். மூச்சுத்திணறும் வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள். இருசக்கர வண்டியில் நடுவே உட்கார்த்திக் கொண்டுபோகாதீர்கள். மாத்திரைகளையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ஆசா ராஜா வைத்தியரைத் தேடினான் என்று சிலர் எனக்கு நினைப்பூட்டக்கூடும். அவன்மேல் வந்த குற்றச்சாட்டு கர்த்தரைத் தேடவில்லை என்பதே. எசேக்கியாவுக்காக உருக்கமான விண்ணப்பமும் ஏறெடுக்கப்பட்டது, பிளவையின்மேல் அத்திப்பழ அடையும் வைக்கப்பட்டது; வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. இதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த இரவில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இப்பொழுது சார்வாளின் நாற்காலி ஆலயத்தின் வடக்கு வாசலருகே இருக்கிறது. பிரசங்கத்தின் நடுவே இரண்டு முறையாவது எழுந்து போய் வருகிறார்; யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் காலை எடையைப் பென்சிலால் எழுதிவைக்கிறார். நேற்று போயிருந்தபோது ஜெபத்திற்கு முன் அதைப் பார்த்தேன். வியாழன் 61.2, வெள்ளி 61.4, சனி 61.2.