ஒரு சீன வாளும் என் அபிப்பிராயமும்

மந்தைவெளியில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் வீட்டிலுள்ள சீன வாளை வந்து பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். இலக்கிய விஷயங்களில் என் அபிப்பிராயத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை. கேட்காமலேதான் சொல்லி வந்திருக்கிறேன். வாள் விஷயம் வேறு. கிண்டி தொழிற்பேட்டையில் வெட்டுக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 30 வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன் நான். வெர்னியரும் நாலைந்து அரங்களும் ஓய்வுபெற்ற பின்னும் என்னிடம் இருக்கின்றன. அந்தத் தகுதியில்தான் கூப்பிட்டார்.

வாள் அவருடைய தகப்பனாருடையது. கப்பலில் வேலை பார்த்தவர். 1970களில் ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்தது. மஞ்சு அரசர்கள் காலத்தது, 200 வருஷப் பழமை என்பது வீட்டில் வழங்கிவந்த சரித்திரம். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமத்தோடு படுத்திருக்கும். தகப்பனார் காலமான பின் பாகம் பிரித்தபோது, வங்கியில் இருந்த பணத்தையும் வெள்ளிச் சாமான்களையும் அண்ணனும் தங்கையும் எடுத்துக்கொண்டார்கள். இவர் வாளை எடுத்துக்கொண்டார். யாரும் ஏமாற்றவில்லை. இவரே விரும்பிக் கேட்டது. இப்போது பெண்ணின் மேல்படிப்புக்குப் பணம் தேவையாக இருந்தது. வாளை விற்கலாமா என்ற யோசனை வந்ததும், அது என்ன வாள் என்ற கேள்வியும் வந்துவிட்டது.

தமிழில் ‘சீன’ என்று தொடங்கும் சாமான்கள் வெகுகாலமாக நம் வீடுகளில் புழங்குகின்றன. சீனச்சட்டி, சீனக்காரம், சீனவெடி. இவை எதுவும் நம்மை மிரட்டுவதில்லை. சீன வாள் என்றதும் மட்டும் ஒரு சரித்திரம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களை முன்பு பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வாளைப் பற்றி அதன் அழகைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. வாளின் குணம் எடையில் இருக்கிறது, அந்த எடை எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழில் ஆயுதங்களைப் பார்த்து அபிப்பிராயம் சொன்ன முதல் விமர்சகர் ஔவைதான் என்று சொல்லலாம். அதியமானுக்காகத் தூது போனவர், தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. இங்கே எல்லாம் மினுக்கி, பீலி சூட்டி, பத்திரமாக இருக்கின்றன. அவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் ஆரம்பித்து, புகழ்ச்சியை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடுகிறார். பளபளப்பு ஓர் ஆதாரமல்ல என்பதை அவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

நண்பர் வீட்டுக் கூடத்தில் வாளை ஒரு பழைய வேட்டியின் மேல் வைத்திருந்தார்கள். நேரான, இருபக்கமும் விளிம்புள்ள வாள். சீனர்கள் இதை ஜியன் என்கிறார்கள். ஒரு பக்க விளிம்போடு வளைந்திருந்தால் அது தாவ். உறை மரம். கைக்காப்பு பித்தளையில் ஒரு மிருக முகம். அலகில் ஏழு பித்தளைப் புள்ளிகள் பதித்திருந்தார்கள். சப்தரிஷி மண்டலத்தைக் குறிப்பவை அவை. செஜியாங் மாகாணத்தில் லோங்ச்சுவான் என்ற ஊரின் வாள்களில் இவை வழக்கம். பச்சை மெருகிட்ட பீங்கானுக்குப் பேர்போன அந்த ஊர்தான் வாளுக்கும் பேர்போனது. ஓவ் யெட்ஸு என்ற புராதனக் கொல்லன் அங்கே வாள் அடித்தான் என்பது ஐதீகம். இன்றும் அங்கே பட்டறைகள் இருக்கின்றன. உடற்பயிற்சிக்காரர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும் தனித்தனியாக வாள் செய்கிறார்கள். ஏழு புள்ளிகளால் ஊரைப் பற்றி ஏதோ ஊகிக்கலாம். வயதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் எடை. சமையலறைத் தராசில் உறையில்லாமல் 1,150 கிராம். ஒரு கையால் வீசும் பழைய ஜியன்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் நிற்பவை. ஆனால் எடையைவிட முக்கியம் அதன் நடு. அலகை விரல்மேல் கிடத்தி நகர்த்தினேன். கைக்காப்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் சமநிலைக்கு வந்தது. நல்ல வாள் இதைவிடக் கைக்கு அருகில் நிற்கும். இது முன்னால் விழுகிறது. ஏன் என்று வெர்னியர் சொல்லிற்று. கைக்காப்பருகே 5 மில்லிமீட்டர் கனம், நடுவில் 5, நுனிக்குச் சற்று முன்னால் 4.8. பழைய கொல்லன் அடியில் கனமாகத் தொடங்கி நுனிவரை மெலித்துக்கொண்டே போவான். மேலிருந்து பார்க்கிறவனுக்கு இது தெரியாது. வீசுகிறவன் மணிக்கட்டுக்குத் தெரியும். நகல் செய்கிறவன் வாளின் படத்தைப் பார்த்துச் செய்கிறான். படத்தில் அகலம் உண்டு, நீளம் உண்டு, கனம் கிடையாது. ஆகவே தகட்டின் கனம் தகட்டின் கனமாகவே நின்றுவிடுகிறது.

அடுத்து பிடி. பிடியின் அடிக்குமிழில் அலங்காரமாக ஒரு மூடி. அதைக் கழற்றினால் உள்ளே நட்டு. நட்டைத் திருப்பினேன், மெட்ரிக் மரை. அலகின் வால் பிடிக்குள் முழுசாகப் போய் அடியில் அடித்து மடங்கியிருக்க வேண்டியது. இங்கே ஒரு சிறு கம்பியைப் பற்றவைத்து மரை போட்டிருந்தார்கள். 200 வருஷக் கதை அந்த மரையில் முடிந்தது. நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நட்டைத் திருப்பி மாட்டினேன்.

மிச்சம் இருந்தது அலகில் ஓடிய நீரோட்டம் போன்ற ரேகை. நண்பருக்கு அதில்தான் நம்பிக்கை. பலவகை இரும்பையும் எஃகையும் சேர்த்து அடித்து மடித்தால் இந்த ரேகை வரும். அது உள்ளேயிருந்து வருவது. அமிலத்தால் மேலே வரைந்தும் வரவழைக்கலாம். எது என்று தெரிய ஒரே வழி, ஓரிடத்தைத் தேய்த்துப் பார்ப்பது. அப்பா வைத்துவிட்டுப் போனதைத் தேய்க்கலாமா என்று கேட்டேன். நண்பர் உள்ளே போய் அம்மாவைக் கேட்டு வந்தார். கைக்காப்புக்கு ஒட்டினாற்போல், கட்டைவிரல் நகம் அளவுக்கு எமரித் தாளால் தேய்த்தேன். ரேகை போயிற்று. எலுமிச்சம்பழச் சாறு தடவிக் காத்திருந்தோம். உள்ளே அடுக்குகள் இருந்தால் ஒவ்வொன்றும் புளிப்பை ஒவ்வொரு விதமாக ஏற்று, ரேகை மறுபடி எழும்ப வேண்டும். எழும்பவில்லை. ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது.

வேலை முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். பழக்கதோஷத்தால் அரத்தை எடுத்தேன். கைக்காப்பருகே அலகின் முகத்தில் மெல்ல ஓட்டினால் அரம் கடித்தது. மென்மையான உலோகம். பிறகு விளிம்பில் ஓட்டினேன். வழுக்கிவிட்டது. இன்னொரு இடத்தில் ஓட்டினேன், வழுக்கிற்று. எதிர்விளிம்பிலும் அப்படியே. நுனிவரை அப்படியே. விளிம்பைக் காய்ச்சி நனைத்துக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பது இதைத்தான். சுவரில் மாட்டுவதற்காகவோ பூஜையில் வைப்பதற்காகவோ செய்யப்படும் வாளுக்கு இது தேவையே இல்லை. வாங்குகிறவன் பார்க்கமாட்டான். விற்கிறவனுக்கும் தெரியாது. கனத்தில் கவனமில்லை, மரையில் சோம்பல், ரேகையில் பொய். இத்தனைக்கும் நடுவே யாரோ ஒருவன் உலைக்கு முன் நின்று விளிம்பின் நிறம் மாறுவதைச் சரியான கணம்வரை பார்த்திருக்கிறான்.

“ஒரிஜினலா, டூப்ளிகேட்டா சார்?” என்றார் நண்பர்.

“டூப்ளிகேட்” என்றேன். விளிம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. விற்றால் என்ன வரும் என்பதற்கான பதில் முதல் சொல்லிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. சற்றுக் கழித்து, “இத்தனை வருஷம் பூஜை பண்ணினோமே” என்றார். பணம் போனதைவிட அதுதான் அவரை அவமானப்படுத்தியதாகத் தோன்றியது.

அவருக்கு நான் சிவபுரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைவு வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் 1951இல் பூமியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளில் ஒரு நடராஜர். 1950களில் செப்பனிட வெளியே போனார். கோயிலுக்குத் திரும்பி வந்தது ஒரு நகல். டக்ளஸ் பாரெட் என்ற ஆங்கிலேயர் 1965இல் வெளியிட்ட சோழர் திருமேனிகள் பற்றிய புத்தகத்தில், கோயிலில் இருப்பது புதுசு என்று எழுதினார். அசலை 1973இல் நார்ட்டன் சைமன் என்ற அமெரிக்கர் வாங்கினார்; வழக்காகி, 1976இல் சமரசமாகி, 1986இல் அது இந்தியாவுக்குத் திரும்பிற்று. நடுவில் நகலுக்கு ஏற்றிய கற்பூரம் எல்லாம் வீண்தானா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நடராஜர் நகல் செய்வது குற்றமல்ல. சுவாமிமலையில் தினமும் செய்கிறார்கள், இன்னதென்று சொல்லி விற்கிறார்கள். குற்றம் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள், என்னவென்று சொல்லி நிறுத்தினார்கள் என்பதில் இருக்கிறது. வார்த்தவன் கையைப் பற்றிய அபிப்பிராயம் வேறு, விற்றவன் வாயைப் பற்றிய அபிப்பிராயம் வேறு. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

அந்தச் சொல்லும் முன்பு இப்படி இருந்ததில்லை. இலக்கணத்தில் போலி என்றால் வசையல்ல. அறம் என்பது அறன் என்று வந்தால் அது கடைப்போலி. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நிற்கிறது, பொருள் கெடவில்லை. அவ்வளவுதான். எந்த இடத்தில் நிற்கிறது, நின்று என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது. நாம்தான் அதைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டோம்.

நானும் தாராளமாக எடுத்துக்கொண்டவன். சிறுபத்திரிகைகளில் மதிப்புரை எழுதிய நாட்களில் ஒரு இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்பைப் போலி என்று இரண்டு வாக்கியங்களில் முடித்திருக்கிறேன். படிமங்கள் எல்லாம் கடன், ரேகை மேலே வரைந்தது என்ற அர்த்தத்தில். அதில் தப்பில்லை, அவை கடன்தான். அவர் பிறகு எழுதவில்லை. என்னால்தான் என்று நினைத்துக்கொள்வது அகம்பாவம்; எழுதாமல் போவதற்கு மனிதர்களுக்கு எத்தனையோ காரணங்கள். ஆனால் மந்தைவெளியிலிருந்து வந்த அன்றிரவு அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். மதிப்புரைக்கு வந்த பிரதி. 40 பக்கம். 17ஆம் பக்கத்துக்குமேல் நான் கோடு போட்ட அடையாளமே இல்லை. முகத்தில் அரம் கடித்ததும் வைத்துவிட்டிருக்கிறேன். விளிம்பில் ஓட்டிப் பார்க்கவில்லை. மீதியைப் படித்தேன். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கங்களில் ஒரு கவிதையில் மூன்று வரிகள் வழுக்கின. நான் இன்ஸ்பெக்ஷன் பார்த்த இடத்தில் அப்படிப் பாதியில் நிறுத்தியிருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். இலக்கியத்தில் யாரும் கிழிக்கவில்லை.

நண்பர் ஆறு மாதம் பேசவில்லை. பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், கடன் வாங்கினார் என்று வேறொருவர் சொல்லித் தெரிந்தது. பிறகு ஆயுத பூஜைக்கு ஃபோன் செய்து வரச் சொன்னார். போனேன். வாள் வழக்கமான இடத்தில் இருந்தது. பூஜைக்கு வைத்திருக்கமாட்டார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது, அதைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மேல்பூச்சு போனதால் நான் தேய்த்த இடம் மட்டும் கறுத்து, துருப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வாளில் தன் சொந்த நிறத்தோடு இருந்தது அந்த நகமளவு இடம்தான்.

“நீங்க தேய்ச்ச இடம் கறுத்துப் போச்சு தம்பி. வாரம் ஒருதரம் தேங்காயெண்ணெய் போடறேன்” என்றார் நண்பரின் தாயார். குற்றம் சாட்டும் குரல் இல்லை.

அவர் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகங்களுக்கு, பேத்தியின் கால்குலேட்டருக்கு, அரிவாள்மணைக்கு. வாளுக்கு வரும்போது விரல் நிதானித்தது. அலகின் நடுவில் மட்டும் வைத்துக்கொண்டே போனார், ஓரத்துக்கு விரலைக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அங்க வெட்டிடும்” என்றார். “அவர் இருந்தப்பவே ஒருதரம் துடைக்கும்போது வெட்டியிருக்கு.”