மச்சான், உன் ஆம்ப் சவுண்டு சரியில்லடா

உயிர் நண்பனிடம்கூட சொல்ல முடியாத விஷயங்கள் மூன்று உண்டு. வாய் நாறுகிறது என்பது ஒன்று. நீ எழுதின கவிதை மொக்கை என்பது இரண்டு. மூன்றாவது, உன் கிடார் ஆம்ப்பைக் கேட்கச் சகிக்கவில்லை என்பது. முதல் இரண்டையும் எப்படியாவது சொல்லித் தொலைத்துவிடலாம். மூன்றாவதைச் சொல்லிவிட்டு, அதே ஆளோடு அதே மேடையில் போய் நிற்க வேண்டும் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது கஷ்டம்.

பாம்பன் தீவில் கடற்கரையை ஒட்டி ஓர் ஊர். பெயர் வேண்டாமே. அந்த ஊர்க் கோயில் பாடகர் குழுவில் (கடற்கரைப் பக்கம் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பெயர்) இரண்டு கிடார். ஒருவன் லீட், இன்னொருவன் ரிதம். இங்கேயும் அதையே அவர்கள் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரும் ஒரே தெரு. ஒரே ஓட்டைக் கிடாரில் மாற்றி மாற்றிப் பழகியவர்கள். ரிதம் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். லீட் விசைப்படகில் கடலுக்குப் போகிறான், இன்ஜின் பார்க்கிற வேலை. பதினெட்டு வயதில் ஏறியவன், ஆறு வருஷம் ஆகிறது. ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாள்தான் போகும். ஒருநாள் காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில் கரை. மற்ற நாட்களில் கிடார்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகுகள் சும்மா நிற்கும், வீட்டிலும் அடுப்பு பாதிதான் எரியும். தடை முடிந்ததும் முதல் சில வாரம் பாடு நன்றாக இருக்கும். அந்த வருஷம் கிடைத்த பங்குப் பணத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் பிடித்து, மதுரைக்கு பஸ் ஏறி, லீட் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆம்ப் வாங்கி வந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். கால் மரத்துப்போச்சு என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தக் கதை தெரிந்த எவனுக்கு, "மாப்ள, இது தகரத்தைத் தரையில இழுக்குற மாதிரி இருக்குடா" என்று சொல்ல வாய் வரும்?

ஆனால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ட்ரெபிள் காதைக் கிழித்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ரிகர்சல் ஆரம்பித்தபோது முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் கையால் காதைப் பொத்திக்கொண்டே பாடின. கீபோர்டு வாசிக்கிற அக்கா சுவரைப் பார்த்தாள். உபதேசியார் மட்டும் மெதுவாக, "தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கப்பா" என்றார். லீட் மரியாதையாக வால்யூமைக் குறைத்தான். சத்தம் குறைந்தது, கீறல் குறையவில்லை. முன்னே பெரிய ரம்பம், இப்போது சின்ன ரம்பம். அவ்வளவுதான் வித்தியாசம் :)

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். டோன் என்பது ருசிதானே? உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அது கெட்டதா?

இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்துவிட்டார். அந்தக் கிழிந்த சத்தத்தோடு பதிவான பாட்டு பெரிய ஹிட். பிறகு வந்த ராக் கிடார்காரர்கள் பாதிப்பேர் அந்தச் சத்தத்தைத் தேடித்தான் அலைந்தார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம்ம மாண்டலின் ஸ்ரீனிவாஸ்? 1981இல் சென்னைக் கச்சேரி மேடையில் உட்கார்ந்தபோது சின்னப் பையன். சாதாரண மாண்டலினில் தட்டின ஸ்வரம் உடனே செத்துப்போகும், கமகத்துக்குப் போதாது. அதனால் அவர் கையில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின், அதில் இரட்டைத் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகள். கரண்டில் வாசிப்பதெல்லாம் கர்நாடக சங்கீதமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. 2014இல் 45 வயதில் அவர் இறந்தபோது அந்த நாதம் இனிமேல் யாரிடமிருந்து வரும் என்று ஊரே அழுதது.

ஆக, பிடிக்கவில்லை என்பது வேறு, சரியில்லை என்பது வேறு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வாசிக்கிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தால் அது ருசி. டேவிஸுக்குக் கிழித்தது தெரியும். ஸ்ரீனிவாஸுக்கு ஏன் கரண்டு வேண்டும் என்று தெரியும். நம்ம லீடுக்குத் தெரியுமா?

ரிதம் முதலில் பழுது என்றுதான் நினைத்தான். தீவில் அது சகஜம். உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜாக்கில் பச்சைப் பாசி மாதிரி ஏறும். வால்யூம் குமிழைத் திருப்பினால் அப்பளம் நொறுக்குகிற சத்தம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து கிளீனர் ஸ்ப்ரே எடுத்துவந்து ஜாக், குமிழ் எல்லாவற்றையும் துடைத்தான், தந்தியை மாற்றினான். கரகரப்பு போனது. ரம்பம் போகவில்லை. ட்ரெபிள் குமிழ் கடைசிவரை திருப்பி வைத்திருந்தது. லீடே வைத்தது.

அடுத்த சந்தேகம், நிற்கிற இடம். இது கிடார் வாசிக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம். சின்ன ஆம்ப்பைத் தரையில் வைத்தால் ஸ்பீக்கர் பார்ப்பது உங்கள் முழங்காலை. பாஸ் சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். ட்ரெபிள் டார்ச் லைட் மாதிரி நேராகப் போகும். பக்கத்திலேயே நிற்கிற உங்களுக்கு அது தலைக்குக் கீழே போய்விடும், எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு நேராகக் காதில் ஏறும். உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், இன்னும் ட்ரெபிளைக் கூட்டுவீர்கள். எதிரில் இருப்பவர் கதி அதோகதி. உலகத்திலேயே உங்கள் டோனை மோசமாகக் கேட்கிற ஆள் நீங்கள்தான். வைத்தியம் சுலபம். ஆம்ப்பை ஏதாவது மேல் ஏற்றி, முகத்தைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும்.

மறு ரிகர்சலில் ரிதம் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஆம்ப்பைச் சாய்த்து வைத்தான். ஸ்பீக்கர் நேராக லீடின் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், முதல் ஸ்ட்ரோக்கிலேயே பயல் திடுக்கிட்டு அவனே குறைத்துக்கொள்வான் என்று கணக்கு.

லீட் வாசித்தான். கண்ணை மூடி ரசித்து வாசித்தான். முடித்துவிட்டு, "இப்பத்தான்டா மாப்ள நல்லா கேக்குது. இன்னும் கொஞ்சம் ட்ரெபிள் இருந்தா சூப்பரா இருக்கும்ல?" என்றான்.

சிரிக்கப்போன ரிதம் அப்படியே நின்றுவிட்டான். இரண்டடி தள்ளி நின்ற அவனுக்கே காது வலித்தது.

அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சின்னச் சின்ன விஷயமெல்லாம் ஞாபகம் வந்தது. லீடின் அம்மா எதையும் இரண்டு தடவை சொல்கிறாள். போனில் பேசும்போது லீட் "என்ன? என்ன?" என்கிறான். டிரம் வாசிக்கிற பையன் சிம்பலைத் தட்டி பாட்டை ஆரம்பித்துவைத்தால், லீட் பார்ப்பது அவன் கையைத்தான். பிரச்சனை ஆம்ப்பில் இல்லை.

கொஞ்சம் விஞ்ஞானம். போரடித்தால் மன்னிக்கவும், அவசியமானது. இரைச்சலில் போகிற காது ஒரேயடியாகப் போகாது. முதலில் 3000லிருந்து 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, அதிலும் 4000 பக்கம்தான் அடிவாங்கும். கிடாரின் கடித்துப் பேசுகிற கூர்மை அங்கேதான் இருக்கிறது. ச, ஸ மாதிரி எழுத்துக்களின் தெளிவும் அங்கேதான். அதனால் பேச்சு கேட்கும், தெளிவாகக் கேட்காது. கிடார் கேட்கும், மொண்ணையாகக் கேட்கும். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. மீட்டர் இல்லையா? கை நீட்டும் தூரத்தில் இருக்கிறவனிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். விசைப்படகு இன்ஜின் பக்கத்தில் கத்தாமல் பேசிய ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். உள்காதில் இருக்கும் மயிரிழை செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது.

கடல் சீற்றம் என்று படகுகள் போகாத ஒரு சாயங்காலம், பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இரண்டு பேரும் காற்று வாங்கிக்கொண்டு நின்றார்கள். ரிதம் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தான்.

"மச்சான், உன் ஆம்ப் சவுண்டு சரியில்லடா. ட்ரெபிள் ரொம்ப ஜாஸ்தி. பிள்ளைங்க காதைப் பொத்துது."

"யாருடா சொன்னா?"

"நாந்தான் சொல்றேன். ஆம்ப்புல கோளாறு இல்ல. உனக்கு அது கேக்கல. காதைக் காட்டணும்டா."

லீட் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏசிக் கடையில உக்காந்து ஸ்க்ரூ முடுக்குறவனுக்கு நல்லா கேக்கத்தான் செய்யும். ஒருநாள் கடலுக்கு வந்து பாரு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரிதம் பஸ் பிடித்து வந்தான். அடுத்த இரண்டு ரிகர்சலுக்கு லீட் வரவில்லை.

பி.காம் படிப்பவர்களுக்கு ஆடிட்டிங் பேப்பரில் தவறாமல் வரும் ஒரு வழக்கு உண்டு, 1896இல் வந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் இல்லை என்பது அதன் சாரம். குற்றம் கண்டுபிடித்தே தீருவேன் என்று மோந்துகொண்டு அலைய வேண்டாம். ஆனால் கண்ணில் பட்டதைப் பார்த்துக் குரைக்காமல் இருந்தால் அது நாய்க்கு அழகில்லை. பரீட்சைக்கு ஐந்து மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற இந்த வழக்கு, நட்புக்கும் அப்படியே பொருந்தும். மேடை விட்டு இறங்கினதும் "கலக்கிட்ட மச்சான்" என்று தோளைத் தட்டுவது, கணக்கைப் பிரிக்காமலே கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர் வேலை. கம்பெனி மூழ்குகிற அன்றைக்கு அந்தக் கையெழுத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பெரிய பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், சத்தத்தால் தன் காது கெட்டுப்போனதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஏசி டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், தொடர்ந்தால் காது முழுவதும் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். அவர்களைச் சுற்றி எத்தனை சவுண்டு இன்ஜினியர்கள் இருந்திருப்பார்கள்! லீடைச் சுற்றி இருந்தது ஒரு மொபைல் கடைக்காரன் மட்டும்.

மூன்றாவது ரிகர்சலுக்கு முந்தின நாள் காலையில் லீட் கடை வாசலில் வந்து நின்றான். "லீவு சொல்லிட்டு வா. ராம்நாடு போகணும்" என்றான். அவ்வளவுதான். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற ரிதம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓர் இடத்துக்கு மேல் ரொம்ப நேரம் கை எழும்பவில்லை. சீட்டில் கோடு நேராக வந்து 4000 பக்கம் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியது. இரண்டு காதிலும் அப்படியே. போனது திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சும்மா பஞ்சை அடைத்தால் போதாது, காதை முழுவதும் மூடுகிற மஃப் வாங்கிப் போடு என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் லீட் கேட்டான்: "எத்தன நாளாடா உனக்குத் தெரியும்?"

"ரம்பம் மாதிரி இருக்குன்னு ஆம்ப் வாங்கின அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல, பரதேசி."

ஜூலையில் வாங்கிய ஆம்ப். நவம்பர் முடிந்திருந்தது. நடுவில் வாரத்துக்கு மூன்று நாள் இன்ஜின் பக்கத்தில் நின்றிருக்கிறான். ரிதமிடம் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு ஆம்ப் மீன் பெட்டி மேலேயே இருந்தது. ட்ரெபிள் குமிழை நடுவுக்குக் கொஞ்சம் கீழே வைத்து, அந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தான் ரிதம். பிள்ளைகள் காதைப் பொத்தவில்லை. பூசை முடிந்து கீபோர்டு அக்கா, "இன்னைக்குத்தான்டா உன் கிடாரே கேட்டுச்சு" என்று லீடிடம் சொன்னாள். அவனுக்கு மட்டும் அது கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி மந்தமாகத்தான் கேட்டிருக்கும். இருந்தும் குமிழில் கை வைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ரிதம் பக்கம் திரும்பிப் பார்ப்பான். அவன் தலையாட்டினால் ஆரம்பிப்பான்.

இப்போது படகில் மஃப் மாட்டிக்கொண்டுதான் இன்ஜின் பார்க்கிறான். மற்றவர்கள் "என்ன தம்பி, ஏரோப்ளேன் ஓட்டுறியா?" என்று கிண்டல் பண்ணுகிறார்களாம். அவன் காதில் அது விழுவதில்லை. மஃப் போட்டிருக்கிறான் அல்லவா!