குடிக்கவா, புழங்கவா?

சேவூரில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். ‘குடிக்கவா, புழங்கவா?’ என்று ஒரு கேள்வி திரும்பி வரும்! அவிநாசியிலிருந்து புளியம்பட்டி ரோட்டில் சுமார் 8 கிலோமீட்டர் போனால் இந்த ஊர். வாலீஸ்வரர் கோயில், நிலக்கடலை ஏலம், சந்துக்குள் நடந்தால் பவர் டேபிள் சத்தம்... இதையெல்லாம் விட்டுட்டு, நான் போனது ஒரு மீனைப் பார்க்க.

க்ளாஸ்மேட் வீட்டு ஜன்னலோரம் நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர். நிஜப் பெயர் பெட்டா. 2019-ல் தாய்லாந்து தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த வி.ஐ.பி! நம்ம பக்கமும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து 1831-லேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் செவுளுக்கு மேலே ‘லாபிரிந்த்’ என்ற தனி உறுப்பு. மேலே வந்து காற்றை நேரடியாகவே வாங்கிக்கொள்ளும்.

பாவம், அந்தத் திறமையே அதற்கு வினை. ‘காத்துலயே மூச்சு விடுதே, எதுக்குப் பெரிய தொட்டி?’ என்று ஜாம் பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். பிரச்னை மூச்சு இல்லை பாஸ், பாத்ரூம்! மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் அது எங்கே போகும்? ஒரு 20 லிட்டர் கேன் அளவுக்குத் தொட்டியும், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருந்தால், நாலைந்து வாரத்தில் பாக்டீரியா குடியேறி அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றிவிடும். ஸ்பாஞ்சைக் குளோரின் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் அந்தக் குடித்தனமே காலி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இப்போ சேவூர் மேட்டருக்கு வருவோம். நண்பன் வீட்டில் மூன்று தண்ணீர். போரில் உப்புத்தண்ணி, குழாயில் ஆத்துத்தண்ணி, காசு கொடுத்தால் கேன் தண்ணி. டி.டி.எஸ். மீட்டரை உள்ளே விட்டால் மூன்றும் மூன்று ஊர்! இருப்பதிலேயே சுத்தமானது கேன்தானே, அதையே ஊற்றலாம் என்றேன். நண்பனின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“எந்தத் தண்ணியோ, ஒரே தண்ணியா ஊத்தோணும் கண்ணு. இன்னைக்கொண்ணு, நாளைக்கொண்ணுன்னா நமக்கே வயித்துக்கு ஆவாது, அதுக்கு ஆவுமா?”

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு கரெக்ட். கொஞ்சம் உப்பான தண்ணீருக்கு பெட்டா பழகிவிடும். ஆனால் உப்பின் அளவு திடீரென்று ஏறி இறங்கினால் அதன் உடம்பு தாங்காது. சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரில் கனிமங்கள் கிட்டத்தட்ட இல்லை, அதனால் பி.ஹெச். நிலையாக நிற்காது. கடினமான போர் தண்ணீரில் இன்னொரு சிக்கல். காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். அதனால் ஒரே விகிதத்தில் கலந்து, வாரம் ஒருமுறை கால் தொட்டி மட்டும் மாற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீரைத் திறந்த பக்கெட்டில் ஒருநாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். சூடு 24-லிருந்து 28 டிகிரி இருந்தால் போதும், மார்கழி ராத்திரியில் மட்டும் கவனம். ஸ்கூல் மைதானத்து நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்த இலையைப் போடுவதும் உண்டு. டீ கலர் வரும். ஆனால் உப்புத்தண்ணியில் பி.ஹெச்.சைப் பெரிதாக இறக்காது என்பது என் அபிப்பிராயம்!

உப்பு என்றதும் சாயப்பட்டறைதான் ஞாபகம் வரும். அது தெற்கே, நொய்யல் ஓரத்துக் கதை. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் பட்டறை ஓடக் கூடாது என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. சேவூர் பக்கத்துப் பேச்சு வேறு... அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. பவானி ஆற்றின் உபரி நீர் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் வர வேண்டும். நிலத்தடியில் அது இறங்க இறங்க போர் தண்ணீரின் உப்பு குறையும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. அப்படிக் குறைந்தால் கலக்கும் கணக்கும் மாறும். அதையும் ஒரே நாளில் மாற்றாமல், வாரம் ஒரு மக் கூட்டிக் குறைத்துப் பழக்க வேண்டும்.

கிளம்பும்போது என் மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டார். மீனுக்காக மட்டும் இல்லையாம். “இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது கண்ணு, அதையுங் கொஞ்சம் அளந்து பாத்துக்கறேன்!”