மூன்று டப்பா

"பழைய மோட்டரிலிருந்து கரண்ட் எடுத்துக் காட்டுவார்" என்று நண்பர் சொன்ன ஒரே வரியை நம்பி, அவிசாவளையில் பஸ் மாறித் தெரணியகலைக்குப் போனேன். மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பாஸின் கடையில் வார்னிஷ் வாடை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பதினாலு வயதில் கொழுந்துக் கூடைக்குத் தப்பித் தொழில் பழகப் போனவர்.

மேசையில் ஒரு மூன்று பேஸ் மோட்டர். 1990களில் சபரகமுவ ஓடைகளில் கிராம நீர்மின் நிலையங்கள் எழுந்தபோது, தனி ஜெனரேட்டர் வாங்கக் கட்டாது என்று பலவற்றில் வைத்தது இப்படிப்பட்ட மோட்டர்களைத்தான். மின்சார சபையின் கரண்ட் வந்ததும் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. மேசையிலிருந்தது அப்படியொன்றிலிருந்து வந்ததாம்.

பெல்ட் போட்டு இன்னொரு மோட்டரால் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலாக ஓட்டினார். இரும்பில் ஒட்டியிருந்த மீதிக் காந்தத்தின் தயவில் மீட்டர் முள் மூன்று வோல்ட்டில் நடுங்கியது, அவ்வளவுதான். பிறகு 50 மைக்ரோபரட் டப்பா மூன்றை இணைத்தார். ஒரு சுருளுக்கு ஒன்று, பக்கத்துச் சுருளுக்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. முள் விறுவிறுவென 230க்கு ஏறியது. அதன்பிறகே பல்பைப் போட்டார்.

"பக்கம் மாறிச்சுன்னா மோட்டர் வெந்துடும், தம்பி." ஏன் என்று கணக்கோடு சொன்னார், எனக்கு ஏறவில்லை.

இந்த டப்பாவைத்தான் பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று படித்தேன், பாஸ் கெப்பாசிட்டர் என்கிறார். செத்த ஒன்றை அறுத்துக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் நாடா, அதில் மூச்சுப்பட்டாலே உரியும் உலோகப் பூச்சு. இரண்டு நாடாவைச் சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டியிருக்கிறது. ஒரு பூச்சில் நேர் மின்னேற்றம், மறுபூச்சில் எதிர் மின்னேற்றம். நடுவிலுள்ள பிளாஸ்டிக் இரண்டையும் சேரவிடாது. அந்த இழுபறியில், பிளாஸ்டிக்குக்குள் நிற்கும் மின்புலத்தில், சக்தி தங்குகிறது.

"அப்ப நெறைய தேங்குமாண்ணே?"

"எங்க தேங்குது? இது கைமாத்து. மோட்டரு காந்தமாகக் கேட்கும்போது குடுக்கும், மறுபடி வாங்கிக்கும். செக்கனுக்கு நூறுதரம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 230 வோல்ட்டின் உச்சத்தில் ஒரு டப்பாவிலிருப்பது இரண்டரை ஜூலுக்குச் சற்று மேல். ஒரு கிலோ கொழுந்தை ஒரு சாண் தூக்கலாம். அந்தச் சொற்பம் இல்லாவிட்டால் மோட்டர் வெறும் இரும்பு.

பிளாஸ்டிக் எங்காவது பொத்துக்கொண்டால் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். அது முதுமை, மன்னிக்கலாம். ஆனால் புத்தம்புது டப்பாவில் 50 என்று அச்சடித்திருக்க, பாஸின் மீட்டர் 38 காட்டியது. இடையில் நாலு கை மாறி, நாலு பேர் இலாபம் வைத்த சரக்கு. மோட்டர் எரிந்தால் அந்த நாலு பேரையும் யார் தேடுகிறார்கள்? ஏச்சு வாங்குவது வைண்டிங் செய்தவர்தான்.

கிளம்பும்போது டப்பாக்களைக் கழற்றினார். முதலில் பல்பைத் தொடுத்து மிச்சத்தை வடித்தார். பிறகு ஒவ்வொன்றின் இரு முனைகளையும் துண்டு வயரால் சேர்த்து முறுக்கினார்.

"வடிச்சாலும் கொஞ்சம் ஊறும். புள்ளைங்க எடுத்து வெளையாடுங்க."