ஒரு பொறி

உங்கள் வீட்டு இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டினால் என்ன செய்வீர்கள்? தலையில் ஒரு தட்டு தட்டுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். சிமிட்டல் நிற்கவில்லை.

இடம் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். ஒன்றுவிட்ட தங்கை வீடு. அவள் மகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் கொடுக்க அன்று சாயங்காலம்தான் கடைசி. செல்போனிலோ டவர் ஒரு கோடு. தங்கை பட்டாசு ஆலை வேலைக்கு அன்று போகவில்லை.

போன் செய்ததும் ஒரு பையன் பைக்கில் வந்தான். கேபிளை அணில் கடித்திருந்தது. பையைத் திறப்பதற்கு முன் அவன் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல மருந்து, கருந்திரி ஏதும் இருக்காக்கா? மிஷின்ல பொறி வரும்."

"நம்ம வீட்டுல அந்த ஜோலியே கிடையாதுப்பா" என்றாள் தங்கை.

எனக்குச் சுருக்கென்றது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி இதே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பொறி என்ற வார்த்தையை இந்த ஊரில் யாரும் சும்மா சொல்வதில்லை.

பையன் தலைமுடி போன்ற கண்ணாடி இழையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நேராக வெட்டினான். இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்து மிஷினை மூடினான். உள்ளே ஒரு மின்பொறி. கண்ணாடி உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்!

"செம்புக் கம்பி மாதிரி ஈயம் வச்சு போர்டுல ஒட்டிட முடியாதா தம்பி?" என்று கேட்டேன். சிரித்தபடி பையிலிருந்து செத்துப்போன பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். பச்சை சர்க்யூட் போர்டின் ஓரத்தில் விரல்நுனி அளவு உலோகக் குப்பி. இழை அதோடு முடிந்துவிடுகிறது. குப்பிக்குள் ஒரு போட்டோ டயோடு. வருகிற ஒளி அதன்மேல் பட்டால் துளி மின்சாரம் பிறக்கும். ஈயம் வைத்து ஒட்டுவது குப்பியின் கால்களைத்தான். பக்கத்திலேயே குட்டி லேசர். நாம் அனுப்புவது அதன் வழியாகப் போகிறது. வருவது 1490 நானோமீட்டர், போவது 1310. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒரே இழையில் எதிரெதிரே ஓடினாலும் மோதிக்கொள்வதில்லை. குப்பிக்குள் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடி அவற்றைப் பிரித்துவிடுகிறது.

இழைக்குள் ஒளி ஓடும் பாதையின் அகலம் என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சுமார் 9 பங்கு. லேசர் அதற்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒளி வீண். அதனால் ஃபேக்டரியிலேயே அளந்து அசையாமல் பொருத்திவிடுகிறார்கள்.

ஒரே இழையின் ஒளியை 32, 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் வந்து சேருவது கொஞ்சம்தான். ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வந்தாலே அந்த டயோடுக்குப் போதும். தீக்குச்சியின் வெளிச்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 1966-ல் சார்லஸ் காவ், சுத்தமான கண்ணாடியில் ஒளி கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று எழுதினார். நோபல் பரிசு வந்தது 2009-ல். நல்லது மெதுவாகத்தான் ஊர் வந்து சேர்கிறது.

சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. "மாமா, வந்துடுச்சு!" என்று கத்தினாள் பெண். முதல் சாய்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்.

தங்கை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் எத்தனை சோப்புக்கும் போகாத அலுமினியப் பவுடர் மினுமினுத்தது. கம்ப்யூட்டரைத் தொடாமல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கூலி போச்சேம்மா" என்றேன்.

"போகட்டும்ணே. இவ அங்கிட்டு வராம இருந்தாப் போதும்" என்றாள்.