மழை இல்லாத நாளில் சொட்டும் தண்ணீர்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரிப் போன்கள் வரத் தொடங்கும். "சார், மழையே இல்ல. ஆனா சீலிங்ல தண்ணி சொட்டுது. மேல் மாடி பாத்ரூம் தரையை உடைச்சே பாத்தாச்சு, லைன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "காலையில ஏ.சி. போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுச் சொட்டுது?" மறுமுனையில் கொஞ்சம் யோசனை. "பத்து, பத்தரைக்கு மேல சார்." அப்படியானால் குழாயில் ஓட்டை இல்லை. குழாய் வேர்க்கிறது. எங்கள் தொழிலில் அதற்கு ஸ்வெட்டிங் என்று பெயர்.

எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை இந்தக் கடற்கரையை ஒட்டி 31 ஆண்டுகளாக இன்சுலேஷன் வேலை செய்கிறேன். மருத்துவமனை, ஓட்டல், ஐ.டி. ஆபீஸ், மீன் கம்பெனி எல்லாம் பார்த்தாயிற்று. இன்சுலேஷன் என்றதும் வருகிறவர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வெயிலைத் தடுப்பது எங்கள் வேலையில் சுலபமான பங்கு. கடலோரத்தில் கட்டடத்தை உள்ளிருந்து அரிப்பது காற்றிலிருக்கும் ஈரம். அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் ஒரு பலகையைக்கூட ஒட்டக் கூடாது என்பது என் கட்சி.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். ஏ.சி. ஆபீஸிலிருந்து வாசலுக்கு வந்த மறுநொடி கண்ணாடி மங்கிவிடும். உள்ளே போகும்போது மங்காது, வெளியே வரும்போதுதான். உள்ளே இருந்தவரை குளிர்ந்து கிடந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் அதிலிருக்கும் ஈரம் நீராகப் படிந்துவிடுகிறது. கட்டடத்தின் சுவரையும் அப்படி நினைத்துப் பாருங்கள். உள்பக்கம் குளிர், வெளிப்பக்கம் புழுக்கம். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்ளலாம். சுவருக்குள் படியும் நீரைத் துடைக்க வழி கிடையாது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடற்காற்று வீசும் கோடை மாலையில் சென்னையில் 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை 27 டிகிரி. 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை இறக்கிவைத்துவிடும். ஆபீஸோ 24இல் இருக்கிறது. சில முதலாளிகளுக்கு 20 வேண்டும். 24 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையோடு ஒப்பிட்டால் வெளியே நீராவியின் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தம் சுவர், கூரை, குழாய்ச் சந்து என்று எல்லா வழியாகவும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெயில் ஆறு மணிக்கு மேல் ஓய்ந்துவிடும். ஈரத்துக்கு ராத்திரிதான் உச்சம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, காசிமேட்டில் ஒரு மேஸ்திரி. இறால் வைக்கும் மைனஸ் 20 டிகிரி அறைகளில்தான் தொழில் பழகினேன். அன்றைக்குத் தெர்மோகோல் பலகையை உருக்கிய தாரில் தோய்த்து ஒட்டுவோம். தார் கொதித்தால் தெர்மோகோலைத் தின்றுவிடும், ஆறினால் பிடிக்காது. மேஸ்திரி ஒரு சின்னத் துண்டைத் தார்ச் சட்டியில் போட்டுப் பார்ப்பார். அது சுருங்காமல் மிதந்தால் பதம் சரி. முதல் நாளே சொன்னார்: "தம்பி, வெளிப்பக்கம் தாரு, உள்பக்கம் மூச்சு. மாத்தி வச்சே, ரெண்டு வருசத்துல பலகை பொணமா கனக்கும்."

அப்போது அது ஏதோ பேச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் வேறு ஆட்கள் செய்திருந்த ஓர் அறையைப் பிரிக்க எங்களை அழைத்தார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அறை குளிரவில்லை என்று புகார். தார் உள்பக்கம் பூசப்பட்டிருந்தது. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், நான்கு அங்குலத் தடிமன். புதுப் பலகை ஒரு கிலோகூட இருக்காது, இரண்டு விரலால் தூக்கலாம். சுவரிலிருந்து பிரித்ததை நானும் இன்னொருவரும் சேர்ந்துதான் தரையில் இறக்கினோம். உடைத்துப் பார்த்தால் வெள்ளை மணிகளுக்கு நடுவே பனிக்கட்டி. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து, குளிர்ந்த இடத்துக்கு வந்ததும் உறைந்து, வெளியேற வழியில்லாமல் தார் மறித்திருந்தது. தெர்மோகோல் வெப்பத்தைத் தடுப்பது அதற்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றால்தான். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பனிக்கட்டி அதைவிட மோசம். அந்த அறைக்கு இன்சுலேஷன் என்று ஒன்று இல்லவே இல்லை, கனம் மட்டும்தான் இருந்தது.

மீன் கம்பெனிக்காரர்கள் தலைமுறையாக அறிந்த இந்த விஷயம், பளபளக்கும் ஆபீஸ் கட்டடங்களின் வரைபடங்களில் தலைகீழாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் ஊகிக்கக்கூடியது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் நீராவித் தடுப்பை அறைப்பக்கம் போடச் சொல்லியிருக்கும். அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர், ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். அங்கே அது சரி. அந்தப் படத்தை அப்படியே நகலெடுத்துத் திருவான்மியூரில் கட்டினால், கிளாஸ்வுல்லின் அலுமினியத் தாள் ஒட்டிய பக்கம் அறையைப் பார்த்து நிற்கும். வெளியிலிருந்து வரும் ஈரம் பஞ்சு முழுவதையும் நனைத்துவிட்டு அந்தத் தாளில் முட்டி நின்றுவிடும். நம் ஊரில் பளபளக்கிற பக்கம் வெளியே பார்க்க வேண்டும். வேலை ஆட்களுக்கு அழகான பக்கத்தை உள்ளே காட்டத்தான் கை போகும். பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் ஒரு மாடி முடிந்த பிறகுதான் தெரியும்.

தெரிந்து போடும் தடுப்பைவிடத் தெரியாமல் போட்டுவிடும் தடுப்பு ஆபத்தானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டல். சில அறைகளில் மக்கின வாடை. மூன்று முறை வால்பேப்பர் மாற்றிவிட்டார்கள், ரூம் ஸ்ப்ரே அடித்தார்கள், வாடை போகவில்லை. நான் போனபோது அறை குளுகுளுவென்று, பார்க்க அப்பழுக்கில்லாமல் இருந்தது. கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் வால்பேப்பரில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. பிளேடால் கீறி மெல்ல இழுத்தேன். வால்பேப்பரோடு ஜிப்சம் போர்டின் தாளும் தோல்போல உரிந்து வந்தது. பின்பக்கம் முழுக்கக் கரும்பூஞ்சை. முன்பக்கம் விரலால் தடவினால் சுக்காக உலர்ந்திருக்கிறது, பின்பக்கம் ஈரம் கையில் ஒட்டுகிறது. அந்த வால்பேப்பர் வினைல், அதாவது பிளாஸ்டிக். அழகுக்காக ஒட்டியது, குளிர்ந்த பக்கத்தில் போட்ட நீராவித் தடுப்பாக வேலை செய்துகொண்டிருந்தது.

ஈரம் அவ்வளவு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. ஸ்விட்ச் போர்டின் தகட்டைக் கழற்றிவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த ஓட்டைக்கு அருகில் பிடித்தேன். புகை நேராக மேலே போகவில்லை. ஓட்டையிலிருந்து யாரோ ஊதுவதுபோல அறைக்குள் சாய்ந்தது. சுவருக்குள்ளிருந்து காற்று வருகிறது! பாத்ரூம் எக்ஸாஸ்ட் நாள் முழுக்க அறைக்காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாகக் காற்றை உலர்த்தி உள்ளே அனுப்ப வேண்டிய ஃப்ரெஷ் ஏர் மிஷினை, கரண்டு பில்லுக்குப் பயந்து நிறுத்திவைத்திருந்தார்கள். வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று வந்துதானே ஆக வேண்டும்? ஒயர் போகும் குழாய், ஜன்னல் சட்டத்தின் சந்து, சுவரின் விரிசல் என்று கிடைத்த வழியெல்லாம் கடற்கரைக் காற்று நுழைந்துகொண்டிருந்தது. சுவர் வழியாக ஊறி வரும் ஈரம் கொஞ்சம்தான். ஓட்டை வழியாக வரும் காற்று சுமந்து வரும் ஈரம் அதைப்போலப் பல மடங்கு.

அங்கே நான் புதிதாக ஓர் அங்குலம் இன்சுலேஷன்கூடப் போடவில்லை. வால்பேப்பரை எல்லாம் உரித்து, கெட்ட போர்டை மாற்றி, சுவாசிக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். வெளிச்சுவரின் விரிசல்களையும் ஜன்னல் ஓரங்களையும் அடைத்தோம். ஃப்ரெஷ் ஏர் மிஷின் ஓட வேண்டும், எக்ஸாஸ்ட் இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றைத் தர வேண்டும். கதவைத் திறந்தால் காற்று அறையிலிருந்து வெளியே வீச வேண்டும், வெளியிலிருந்து உள்ளே அல்ல. இன்சுலேஷன்காரன் ஏன் ஃபேனைப் பற்றிப் பேசுகிறான் என்று அந்த மேனேஜர் முதலில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஒரு வருடம் கழித்துப் போனபோது நானே அந்தத் தலைமாட்டுக்குப் பின்னால் குனிந்து மோந்து பார்த்தேன். பெயிண்ட் வாசனைகூட இல்லை.

கூரை விஷயத்தில் நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில் தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். மதிய வெயில் அந்தக் கனத்தைத் தாண்டி உள்ளே வர மாலையாகிவிடும். ஐந்தரைக்குப் பூட்டிவிடும் கச்சேரிக்கு அது போதும். இரவு முழுக்க ஆள் தூங்கும் ஓட்டலுக்கும் மருத்துவமனைக்கும் போதாது. காங்கிரீட் மொட்டைமாடி கோடையில் 60 டிகிரியைத் தாண்டிவிடும். மத்திய அரசின் கட்டட எரிசக்தி விதித்தொகுப்பின் 2017 பதிப்பு, பெரும்பாலான வணிகக் கட்டடங்களின் கூரை வழியாகச் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.33 வாட்டுக்கு மேல் வெப்பம் வரக் கூடாது என்கிறது. அதற்கு ஏறக்குறைய 75 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்னும் கெட்டி ஃபோம் பலகை தேவைப்படும்.

அந்தப் பலகையை ஸ்லாபுக்கு மேலேதான் போட வேண்டும் என்று நான் சண்டை போடுவேன். கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒட்டினால் செலவு குறைவு, மழைநாளிலும் வேலை நடக்கும். ஆனால் ஸ்லாப் வெயிலில் வெந்து விரிந்து, ராத்திரி சுருங்கி, வாட்டர்புரூஃபைக் கிழித்துக்கொள்ளும். மேலே போட்டால் ஸ்லாபும் வாட்டர்புரூஃபும் நிழலில் இருக்கும். மேற்புறம் வெள்ளை டைல்ஸ் பதித்தால் இன்னும் நல்லது. தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை: தெர்மோகோலும் பி.யூ. ஃபோமும் எரியும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்ததற்குக் கட்டடத்துக்கு வெளியே போர்த்திய தகடும் அதற்குப் பின்னால் இருந்த ஃபோமும் சேர்ந்துதான் காரணம். உயரமான கட்டடத்தின் வெளிச்சுவருக்கு நான் ராக்வுல் தவிர வேறு எதையும் சொல்வதில்லை.

திரும்பக் குழாய்க்கு வருகிறேன். என் மனசு எப்போதும் அங்கேதான். ஏ.சி.க்காகக் குளிரவைத்த தண்ணீர், அதாவது சில்டு வாட்டர், குழாயில் 7 டிகிரியில் ஓடுகிறது. அதைச் சுற்றிய கறுப்பு நைட்ரைல் ரப்பரின் வெளித்தோல், சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்கு மேலே நிற்க வேண்டும். தட்டையான பரப்புக்குக் கணக்குப் போட்டால், ஈரப்பதம் 85 சதவீதத்திலிருந்து 90க்கு ஏறும்போது தேவையான தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. காற்றோட்டமில்லாத பேஸ்மென்டில் அந்த 90 அபூர்வம் இல்லை. சிலர் பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று மேலே பளபளக்கும் அலுமினியத் தகடு கேட்பார்கள். பளபளப்பு சுற்றுச்சூழலின் வெப்பத்தை ஏற்காது. அதனால் வெளித்தோல் இன்னும் குளிர்ந்து, சீக்கிரம் வேர்க்கும். தகடு போட்டால் தடிமனும் கூட வேண்டும். கடலோரம் என்றால் உப்பு வேறு. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். இங்கே பெரும்பாலான இரவுகள் அதற்கு மேல். உப்புப் படிந்த ஸ்க்ரூவின் தலை மழையே இல்லாமல் நனைந்து கிடக்கும்.

நீளமான குழாயில் எங்களுக்குத் தோல்வி வருவதில்லை. தொங்கவிடும் கிளாம்ப், வால்வு, ஃபிளாஞ்ச் ஆகிய மூன்று இடங்களில்தான் வரும். இரும்புக் கிளாம்ப் குழாயை நேராகத் தொட்டால் குளிர் அதன் வழியே ராடுக்கு ஏறி, ராடு வேர்க்கும். இடையில் தாரில் தோய்த்த மரக்கட்டையோ கெட்டியான ஃபோம் கட்டையோ வேண்டும், அதன் இரு ஓரத்திலும் ரப்பர் பசையால் இறுகப் பிடித்திருக்க வேண்டும். என் கையாலேயே ஒரு பெரிய தவறு நடந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில் அவசரம், ஏ.சி.யை நிறுத்த முடியாது என்றார்கள். வேர்த்துக்கொண்டிருந்த குழாயைத் துணியால் துடைத்துத் துடைத்து ரப்பரை ஒட்டினேன். பசை பிடித்ததுபோலத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் கூப்பிட்டார்கள். பிளேடை வைத்ததும் துருநிறத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. உள்ளே அடைத்துவைத்த ஈரத்தை நானே பூட்டியிருந்தேன். முழு லைனையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, ஓடுகிற லைனில் பசை டப்பாவைத் திறந்ததில்லை.

வேலை முடிந்த லைனைப் பார்வையிட நான் விடியற்காலை நாலரைக்குப் போவேன். ஈரப்பதம் அப்போதுதான் அதிகம். பகலில் சாதுவாக இருக்கும் இணைப்பு அப்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும். போன மாதம் ஒரு பேஸ்மென்டில் எங்கள் சின்னப் பையன் ஒருவனை அழைத்துப்போனேன், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. டார்ச்சை அணைக்கச் சொன்னேன். புறங்கையால் ரப்பரைத் தடவிக்கொண்டே இருட்டில் நடந்தான். பன்னிரண்டாவது வால்வு பெட்டிக்கு அடியில் நின்றான். "அண்ணா, இங்க சில்லுன்னு இருக்கு. ஈரம் இல்ல, ஆனா சில்லுன்னு இருக்கு." டார்ச்சைப் போட்டுப் பார்த்தேன். மூலையில் இரண்டு ரப்பர் துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு நகக்கனம் வாய் திறந்திருந்தது. அவனே பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சில்லர் ஆட்கள் லைனை நிறுத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.